நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

உணவியல் படிப்பில் எது கடினம் என்று கேட்டால் என்னோடு படித்தவர்களில் பெரும்பாலானவர்கள் உயிரிரசாயனத்தைச் சொல்வார்கள். எனக்கு அது பிடித்த பாடம். ஒரு கவளம் சோறு வாய்க்குள் போனதிலிருந்து கலத்துக்குள் சக்தியாக மாறும் வரைக்கும் நடப்பதைத் தாளில் வரைந்து பார்க்கும்போது வந்த மகிழ்ச்சி இன்றைக்கும் குறையவில்லை. என்னைத் திணறவைத்தது வேறொன்று. ஒருவர் நேற்று என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்டு அறிவது.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். யாழ்ப்பாணத்தில் படலையடிக்கு வந்தவரை உள்ளே கூப்பிடும்போதே "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டுவிடுவோம். ஆனால் இரத்தத்தில் சீனி 300ஐத் தாண்டிய ஒருவரை முன்னால் இருத்திவைத்து, பேனையும் படிவமுமாகக் கேட்டால் அவருக்கு அது விசாரணை மாதிரித்தான் கேட்கும். "பெரிசா ஒண்டும் சாப்பிடேல்லை பிள்ளை" என்பார்கள். காலமை ரெண்டு துண்டு பாண், மத்தியானம் கொஞ்சம் சோறு, இரவுக்குக் கொஞ்சம் புட்டு. அவ்வளவுதான். பொய் சொல்கிறார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சாப்பாட்டை அளந்து ஞாபகம் வைத்திருக்கும் பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. அதோடு ஏச்சு விழும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

24 மணிநேர உணவு நினைவுகூரல் என்று இந்த முறைக்குப் பெயர். அமெரிக்க விவசாயத் திணைக்களம் தன் தேசிய ஆய்வுகளுக்காக வகுத்த வடிவத்தில் ஐந்து சுற்றுகள் இருக்கின்றன. முதல் சுற்றில் அவருக்கு நினைவுக்கு வருவதை வந்தபடி சொல்ல விடவேண்டும், குறுக்கே பேசக்கூடாது. அடுத்த சுற்றில், மனிதர்கள் வழக்கமாக மறந்துபோகிறவற்றை நாங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டும். பிறகு எத்தனை மணிக்கு, எந்த வேளைச் சாப்பாடாக என்பது. அதன் பிறகு ஒவ்வொன்றினதும் அளவு, சமைத்த விதம். கடைசியாக, இன்னும் ஏதும் விடுபட்டதா என்று ஒருமுறை.

இரண்டாவது சுற்றுத்தான் எனக்குப் பிடித்தது. பாடப்புத்தகம் அதற்கு ஒரு பட்டியல் தருகிறது: குளிர்பானம், சிப்ஸ், சொக்லேற், மதுபானம். அந்தப் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு எங்களூரில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றுதான் பதில் வரும். நான் வேறு பட்டியல் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். கோயிலில் தந்த மோதகம், சர்க்கரைப் புக்கை. பக்கத்து வீட்டுக்குப் போனபோது குடித்த தேத்தண்ணி. அந்தியேட்டி வீட்டுச் சாப்பாடு. பேரப்பிள்ளை கோப்பையில் மிச்சம் விட்டுப்போன இடியப்பம், எறிய மனமில்லாமல் அம்மம்மா எடுத்து வாயில் போட்டது. இதைக் கேட்டவுடன் பல அம்மாக்களின் முகம் மாறும். "ஓம் பிள்ளை, அது ஒவ்வொரு நாளும் நடக்கிறதுதான்" என்பார்கள். அதற்குப் பிறகு கதை தானாக வரும்.

தேத்தண்ணியை மட்டும் எடுத்துப் பாருங்கள். பால்மா போட்ட தேத்தண்ணிக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் கிட்டத்தட்ட 10 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து தரம் குடிக்கிறவர்கள் இங்கே தாராளமாக இருக்கிறார்கள். அது 50 கிராம் சீனி, 200 கலோரி. ஒருவர் ஒரு நாளில் உண்ணும் மொத்தக் கலோரியில் சேர்த்த சீனி பத்து வீதத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு அந்தப் பத்து வீதம் இந்தத் தேத்தண்ணியிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் "என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டால் தேத்தண்ணியை யார் சொல்லப்போகிறார்கள்? அது சாப்பாடு இல்லையே.

நான் இந்தப் படிப்புக்கு வந்தது அப்பாவால். அவருக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியபோது கிளினிக்கில் ஒரு தாள் தந்தார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்தது. சாப்பிடக்கூடாதவை என்று நீளமாக ஒரு பட்டியல், அதில் பாதிச் சாமான் எங்கள் சந்தையில் கண்டே இராதவை. அம்மா அதைக் குசினிச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் அதன் முன்னால் நிற்பார். முருங்கையிலை போடலாமா? இராசவள்ளிக் கிழங்கு? பனங்கிழங்கு? தாளில் ஒன்றும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. பயத்தில் அவர் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனார். அப்பா மெலிந்து போனார். சிறுநீரக நோயாளிகளுக்குப் போதிய சக்தியும் புரதமும் போகாவிட்டால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும் என்பதைப் பிறகு வகுப்பில் படித்த அன்றைக்கு எனக்கு அந்தச் சுவரும் அந்தத் தாளும்தான் கண்ணுக்குள் நின்றன. மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அந்த மண்ணில் ஒரு உணவுத்தாளைத் தமிழில் எழுதிக் கொடுக்க முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

இலங்கையில் இந்தத் துறைக்குப் பெயர்பெற்ற இடம் வயம்ப பல்கலைக்கழகம். மாகந்துரவில் உணவு விஞ்ஞானமும் போசாக்கும் சேர்ந்த பட்டப்படிப்பு அங்கே இருக்கிறது. எனக்குச் சென்னையில் இடம் கிடைத்தது. சொந்தக்காரர் இருந்தார்கள், மொழிப் பிரச்சினை இல்லை, மருத்துவ உணவியலைத் தனிப் பாடமாக வைத்திருக்கிற கல்லூரிகள் அங்கே பல இருந்தன. போனேன். இளங்கலை, அப்புறம் முதுகலை, அப்புறம் மருத்துவமனைப் பயிற்சி.

அங்கே படித்ததில் பெருமைப்பட வைத்த ஒரு கதை குத்தரிசியைப் பற்றியது. இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நீலகிரியில், குன்னூரில், ரொபேர்ட் மக்கரிசன் நடத்திய ஒரு சின்ன பெரிபெரி ஆய்வுப் பிரிவாகத் தொடங்கியது. பெரிபெரி வருவது தயமின் என்ற விற்றமின் பி1 குறைவதால். பச்சை அரிசியைத் தீட்டினால் தவிட்டோடு தயமினும் போய்விடும். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவிட்டுக் குத்தும்போது அந்தச் சத்தில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டிய பச்சையரிசியில் வாழ்ந்த மக்களிடம் பரவிய அந்த நோய், புழுங்கலரிசி சாப்பிட்ட மக்களிடம் அவ்வளவாக வரவில்லை. முற்றத்தில் கிடாரம் வைத்து நெல் அவித்த எங்கள் அப்பாச்சி இதைப் படிக்கவில்லை. ஆனால் அந்த வேலையை வருசா வருசம் செய்தார். வெள்ளை அரிசிதான் வசதியானவர்களின் சோறு என்று நினைத்துக் குத்தரிசியை விட்டவர்கள் வீட்டில் இதைச் சொல்ல எனக்கு எப்போதும் விருப்பம்.

சென்னை வார்டில் கேள்வி கேட்பது சுலபமாக இருந்தது. "எத்தனை இட்லி?" என்று கேட்டால் "மூணு" என்று பதில் வரும். எண்ணிச் சாப்பிடுகிற உணவு. எங்கள் கையேட்டிலும் ஒரு இட்லிக்கு இவ்வளவு, ஒரு தோசைக்கு இவ்வளவு என்று ஆயத்தமாக இருந்தது. அந்தக் கையேட்டைக் கொண்டு ஊருக்கு வந்து, சனசமூக நிலையத்தில் நடந்த ஒரு இலவச நீரிழிவு முகாமில் உட்கார்ந்தபோது முதல் ஆளே புட்டு என்றார். புட்டை எப்படி எண்ணுவது? நீத்துப்பெட்டியில் அவித்ததா, குழலில் அவித்ததா? அரிசிமாவா, கோதுமை மாவா, குரக்கனா, எல்லாம் கலந்ததா? தேங்காய்ப்பூ எவ்வளவு? அதைச் சாம்பாரோடு சாப்பிடவில்லை, சொதியும் மாம்பழமும் விட்டுக் குழைத்துச் சாப்பிட்டார்.

சரி, புத்தகத்தில் இல்லையென்றால் நிறுத்துப் பார்க்கவேண்டியதுதான். குசினிக்கு ஒரு மின் தராசு வாங்கினேன். அம்மாவுக்கு முதலில் பொறுமை இல்லை. "நீ நிறுத்து முடிக்கிறதுக்குள்ளை புட்டு ஆறிப்போயிடும்" என்பார். பிறகு அவரே மா அளக்கிற சுண்டை எடுத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிடத் தொடங்கினார். மா போடும்போது ஒரு நிறை, தேங்காய்ப்பூ சேர்த்து ஒரு நிறை, அவித்து இறக்கிய பிறகு ஒரு நிறை, ஒருவரின் கோப்பையில் விழுந்தது எவ்வளவு என்று இன்னொரு நிறை.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பீர்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. அதன் அடிப்படை பச்சைப் பொருட்கள்: அரிசி, தேங்காய், கத்தரிக்காய், சூடை மீன். உங்கள் குசினியில் அவை சேர்ந்து என்னவாகின என்பதை அட்டவணை சொல்லாது, நாங்கள்தான் கணக்குப் போடவேண்டும். புட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் அரிசிமாவில் ஏறக்குறைய 360 கலோரி. அதற்கு 50 கிராம் தேங்காய்ப்பூ போட்டால் இன்னும் 175 கலோரி அளவில் சேரும். அதாவது அந்தப் புட்டின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு தேங்காயில் இருந்து வருகிறது. சொதியை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. "கொஞ்சம் புட்டு" என்று படிவத்தில் எழுதிவிட்டு, அதை ஏதோ ஒரு அட்டவணையின் சோற்றுக் கணக்கில் போட்டால் அந்த மனிதருக்கு நான் சொல்லப்போகும் ஆலோசனை முழுக்கப் பிழையாகப் போகும்.

இதைச் சொன்னதும் தேங்காயை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். தேங்காய் இல்லாத யாழ்ப்பாணச் சமையலை எழுதிக்கொடுத்தால் அது இரண்டு நாள் கூட நடக்காது, மூன்றாம் நாள் அந்த ஆள் கிளினிக்குக்கும் வரமாட்டார். என் அனுபவத்தில் கேட்டு நடப்பது சின்ன மாற்றங்கள்தான். புட்டுக்குத் தேங்காய்ப்பூ வழக்கம் போலப் போடுங்கள், ஆனால் அன்றைக்குச் சொதியை முதற்பாலில் வைக்காதீர்கள். மாவில் பாதியைக் குரக்கனாக்குங்கள். ஒரு அகப்பை புட்டைக் குறைத்து, முருங்கையிலை வறையோ பயற்றங்காய்க் கறியோ ஒரு அகப்பை கூட எடுங்கள்.

கிளைசிமிக் குறியீட்டை ரொறன்ரோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981இல் கொண்டுவந்தார்கள். ஒரு உணவு இரத்தத்தில் குளுக்கோசை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் எண் அது. இப்போது அந்த எண்ணை வைத்துக்கொண்டு "இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே" என்று காணொளிகள் நிறைய வருகின்றன. அந்த எண் உணவைத் தனியாகச் சாப்பிடும்போது எடுத்தது. வெறும் சோற்றை யார் சாப்பிடுகிறார்கள்? எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உயிரிரசாயனத் துறையினர் இங்குள்ள சாப்பாடுகளை வைத்தே இந்த ஆய்வுகளைச் செய்திருக்கிறார்கள். கறிகளோடு சேர்த்துச் சாப்பிடும்போது அந்த எண்ணுக்கு என்ன நடக்கிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். நான் சென்னையில் விடுதி அறையில் இருந்து அந்தக் கட்டுரைகளைத் தேடி வாசித்தேன். எங்கள் பரிமாறலை, எங்கள் கோப்பையில் உள்ளபடியே, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

எந்த நாளைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். புத்தகம் சொல்வது, அடுத்தடுத்து வராத நாட்களில் எடு, ஒன்று வார இறுதியாக இருக்கட்டும் என்று. மேலை நாட்டில் சனி, ஞாயிறில் சாப்பாடு மாறுவதால் அப்படி. இங்கே மாறுவது வெள்ளிக்கிழமை. பல சைவ வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. சனிக்கிழமை காலையில் முகாம் வைத்து "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டால் ஊர் முழுக்க மரக்கறிக்காரர் என்று அறிக்கை எழுதவேண்டி வரும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் தொடாத வீடுகள் இருக்கின்றன. அந்த நாட்களில் ஒருவரின் புரதத்தைக் கணக்கிட்டு வருடம் முழுவதற்கும் பொருத்திப் பார்ப்பது தவறு. பருப்பு, கௌபி, பயறு, சோயாமீற் என்று அந்த வீடு எதனால் ஈடுகட்டுகிறது என்பதைத் தனியாகக் கேட்டு எழுதவேண்டும்.

விரதம் இதைவிடப் பெரிய விடயம். கந்தசஷ்டி ஆறு நாள், கேதாரகௌரி 21 நாள். இன்சுலின் போடுகிறவர்களும் பிடிக்கிறார்கள். கிளினிக்கில் அதைச் சொல்வதில்லை, சொன்னால் பிடிக்கவேண்டாம் என்று மறிப்பார்கள் என்று தெரியும். காலையில் வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுவிட்டுப் பின்னேரம் வரைக்கும் வெறும் வயிறு. சீனி 70க்குக் கீழே இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும், கதை தடுமாறும். கோயில் வெயிலில் நிற்கும்போது வருகிற களைப்பென்று பக்கத்தில் நிற்பவர்களும் நினைத்துவிடுவார்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்து, கால் மணித்தியாலம் பார்த்து, தேவையென்றால் திரும்பக் கொடுக்கவேண்டும். மயங்கிப்போனவரின் வாயில் ஒன்றும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். இதை நான் வீட்டு ஆட்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொடுப்பேன்.

விரதம் பிடிக்கவேண்டாம் என்று நான் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "இந்த முறை என்ன விரதம் வருது அம்மா?" என்று கேட்பேன். இன்னார் இன்ன விரதம், ஒரு நேரச் சாப்பாடு, இத்தனை மணிக்கு என்று எழுதி டொக்டருக்கு அனுப்புவேன். மருந்தை மாற்றுவதும், பிடிக்கலாமா என்று முடிவு சொல்வதும் அவருடைய வேலை. அவர் அதைச் செய்வதற்குத் தேவையான உண்மையை எடுத்துக் கொடுப்பது என்னுடையது. சில டொக்டர்மார் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறார்கள். அப்போது இந்தத் தொழிலின் இடம் எதுவென்று எனக்கு வடிவாக விளங்கியது.

பனங்கட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு முகாமிலும் வரும். சீனியை விட்டுவிட்டேன், பனங்கட்டி கடித்துத்தான் தேத்தண்ணி குடிக்கிறேன் என்று சந்தோசமாகச் சொல்வார்கள். பனங்கட்டியில் கனியுப்புகள் கொஞ்சம் இருக்கின்றன, மணம் இருக்கிறது, எங்கள் பனைத் தொழிலாளரின் உழைப்பு இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்குரோசு, சீனியில் இருக்கிற அதே பொருள். இரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இதைச் சொல்லும்போது எனக்கும் கவலையாகத்தான் இருக்கும்.

குரக்கனில் அப்படி இல்லை, அங்கே நல்ல செய்தி சொல்லலாம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, அரிசியில் அதற்குக் கிட்டவும் இல்லை.

சிறுநீரக நோயாளிகளிடம் கேட்கும்போது நான் மிகவும் மெதுவாகப் போவேன். பொட்டாசியம் கூடியவருக்கு வெயில் நேரத்து இளநீர் ஆபத்து. ஒரு தம்ளரில் 500 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். அது குளிர்ச்சி, மருந்து என்று நம்பி வீட்டார் அன்போடு வெட்டிக் கொடுப்பார்கள். கிழங்கு வகைகளைத் தோல் சீவி, சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணியில் அவித்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். அதற்காக எல்லா நோயாளிக்கும் எல்லாவற்றையும் தடுக்கவேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியாக இருக்கிறவருக்குக் கீரையையும் பழத்தையும் பறித்துக்கொள்வதில் ஒரு நன்மையும் இல்லை. அந்த ஆங்கிலத் தாள் செய்தது அதைத்தான்.

இன்னொன்றை எந்தப் பாடத்திலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அறுபது, எழுபது வயது ஆட்களிடம் சோற்றைக் குறைக்கச் சொல்வது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்கள் அவர்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தவர்கள். 2006 ஓகஸ்ற்றில் ஏ9 பாதை மூடியபோது திரும்பவும் கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள். ஒரு அம்மா சொன்னார்: "வரிசையிலை நிண்டு வாங்கின அரிசி பிள்ளை. அதைக் குறை எண்டு சொன்னா மனம் கேக்குமே?" நான் கொஞ்ச நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரோடு அந்தக் காலத்தைக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் வந்த பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களை, அவர்கள் வளர்ந்த பிறகு பரிசோதித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குளுக்கோசைக் கையாளும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. அந்தப் பாடத்தை விரிவுரையாளர் நடத்தியபோது வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கள் ஊரில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பிறந்தவர்களின் முகங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். என் அக்காவும் அதில் ஒருத்தி. அதனால்தான் நீரிழிவு வந்தவரைப் பார்த்து "வாயைக் கட்டேல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வாயைக் கட்டவேண்டிய காலத்தில் கட்டியவர்கள்தான் இவர்கள்.

உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வேறு கேள்வி: டயட்டீஷியன் ஆவதற்கு எவ்வளவு காலம், வெளிநாட்டில் செல்லுமா? அது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுக்கு, பட்ட மேற்படிப்பும் அங்கீகரித்த மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சியும் முடித்துப் பரீட்சை எழுதவேண்டும். நான் இப்போது ஆயத்தம் செய்துகொண்டிருப்பது அந்தப் பரீட்சைக்குத்தான். 2021இல் அங்கே வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தில் உணவியலாளரும் அடக்கம். அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல் முதுகலை இல்லாமல் பதிவுப் பரீட்சைக்கு இருக்க முடியாது. ஆயிரம் மணித்தியாலமாவது மேற்பார்வையின் கீழ் பயிற்சியும் வேண்டும். பிரித்தானியாவில் பதிவில்லாத ஒருவர் தன்னை டயட்டீஷியன் என்று சொல்வது சட்டப்படி குற்றம், போசாக்கு ஆலோசகர் என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம். கனடாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி ஒழுங்குபடுத்தும் அமைப்பு. ஆக, ஒரு நாட்டில் பதிவு பெற்றால் மற்ற நாட்டில் தானாக வேலை கிடைக்கும் என்று நம்பி முகவருக்குக் காசு கட்டவேண்டாம்.

இன்னொன்றும் சொல்வேன். இரசாயனவியலை விடாதீர்கள். சமையல் தெரிந்தால் போதும் என்று நினைத்து வந்தவர்கள் முதல் வருடத்திலேயே கஷ்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். மற்றப் பக்கம், இரசாயனவியலில் கெட்டிக்காரர்களாக இருந்தும் குசினிக்குள் காலே வைக்காதவர்கள் வார்டில் நோயாளிக்கு முன்னால் திணறினார்கள். சொதி வைக்க எத்தனை பால் எடுப்பது என்று தெரியாமல் அதன் கொழுப்பைக் கணக்கிட முடியாது.

நிறுத்து எழுதிய அளவுகள் ஒரு கொப்பி நிறைய வந்துவிட்டன. புட்டு, இடியப்பம், அப்பம், ஒடியற்பிட்டு, சம்பல், சொதி, உழுத்தங்களி, சரக்குக்கறி. ஒவ்வொன்றுக்கும் ஒரு அகப்பை எவ்வளவு, ஒரு கோப்பை எவ்வளவு என்று தமிழில் எழுதி, வடக்கில் வேலை செய்யும் இரண்டொரு நண்பிகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் தங்கள் பக்கத்து அளவுகளைத் திருத்தி அனுப்புகிறார்கள். கூழ்தான் பாக்கி. ஒடியல் மா, நண்டு, இறால், மீன் தலை, பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய் என்று ஒரு சட்டிக்குள் போவது வீட்டுக்கு வீடு வேறு. குருநகரில் காய்ச்சுவதும் சாவகச்சேரியில் காய்ச்சுவதும் ஒன்றில்லை. ஒடியல் மாவின் கைப்புப் போக ஊறவைத்து வடிக்கிறோமே, அந்தத் தண்ணியோடு எவ்வளவு மா போகிறது என்பதையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். சின்னம்மா வீட்டில் வருகிற ஞாயிறு காய்ச்சுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், தராசைக் கொண்டு போகிறேன்.